தலைவலி ஒன்றும் பிபி மெஷின் இல்லை

1/
"தலைவலியே இல்ல சார், அப்புறம் எதுக்கு எனக்கு பிபி மாத்திரை?"

ஓபியில் வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் வரும். "ஒரு பக்கமா மண்டையைப் பிளக்குது சார். பிபி ஏறிடுச்சு போல. ஸ்ட்ரோக் வந்துடுமா?"

முதல் ஆள் பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறார். இரண்டாவது ஆள் பெரும்பாலும் தவறான காரணத்துக்காகப் பயப்படுகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கிட்டு பொறுமையா படிங்க.

2/
சில வருடங்களுக்கு முன்பு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் மாவு மில் வைத்திருப்பவர், வயது 47. அந்த அம்மாவுக்கு 38. நோயாளி அந்த அம்மாதான். 17 வருடத் தலைவலி.

"வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணு ஓரத்துல ஒரு மினுமினுப்பு வரும் சார். ரம்பத்தோட பல்லு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு பெருசாகும். அப்புறம் கை விரல்ல மதமதப்பு ஆரம்பிச்சு மெதுவா உதடு வரைக்கும் ஏறும். சில சமயம் பேச்சு தடுமாறும். அரை மணி நேரத்துல அதெல்லாம் போயிடும். அதுக்கப்புறம்தான் தலைக்குள்ள இடி."

3/
இந்த 17 வருடத்தில் அவருக்குக் கிடைத்த பெயர்கள்: சைனஸ், பித்தம், தலையில் நீர் கோர்த்திருக்கிறது, கண்ணாடி பவர், டென்ஷன். மாமியார் வீட்டில் கிடைத்த பெயர் "வேலைக்குக் கள்ளம்".

உண்மையான பெயர் மைக்ரேன். அதிலும் "ஆரா" உள்ள மைக்ரேன். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாகப் பரவுகிறது. அது பார்வைப் பகுதியைக் கடக்கும்போது மினுமினுப்பு. உணர்ச்சிப் பகுதிக்கு வரும்போது மதமதப்பு. பேச்சுப் பகுதியைத் தொட்டால் தடுமாற்றம். மைக்ரேன் உள்ளவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு இந்த ஆரா உண்டு.

நான் விளக்கினேன். "பயப்படாதீங்கம்மா. ஒரு மணி நேரத்துக்குள்ள தானா சரியாயிடும். இருட்டான ரூம்ல படுத்துக்குங்க." அவர் அழுதே விட்டார். முதல்முறையாக ஒருவர் தன் வலியை நம்புகிறார் என்பதற்காக.

4/
அவருக்கு பிபி 122/78. கச்சிதம்.

பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். மெஷின் வெளியே இருந்ததால் சும்மா சொன்னேன், "நீங்களும் கையைக் கொடுங்கண்ணே."

சிரித்தார். "எனக்கு எதுக்கு சார்? எனக்குத் தலைவலின்னா என்னன்னே தெரியாது."

196/110. அஞ்சு நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். 192/108.

மாத்திரை எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்தார், 138/86. அடுத்த மாதம் வரவில்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது, "எனக்குத்தான் தலை வலிக்கலையே" என்று அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

5/
எட்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம். மில்லில் மூட்டையை இறக்கும்போது வலது கை நழுவியிருக்கிறது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குழறியது.

மனைவி பார்த்தார். அவருக்கு இது தெரிந்த காட்சி. கை மதமதப்பு, பேச்சுத் தடுமாற்றம். தனக்கு எத்தனையோ முறை வந்தது, அரை மணியில் போனது. டாக்டரே சொல்லியிருக்கிறார் பயப்படாதே என்று.

கணவரை உள்ளறையில் படுக்க வைத்து, ஜன்னலை மூடி, நெற்றியில் தைலம் தடவினார். ஒரு மணி நேரம் காத்திருந்தார். இன்னொரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, ஆட்டோ பிடித்து, ஒரு சின்ன கிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடிகிற நேரம் தாண்டிப் போயிருந்தது.

6/
அவர் உயிரோடு இருக்கிறார். வலது கையால் தம்ளரைப் பிடிக்க முடியாது. வாயில் பத்துப் பதினைந்து வார்த்தைகள் மட்டும் மிச்சம்.

அந்த அம்மா பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்கு வர்ற மாதிரிதானே சார் இருந்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. நான் அவரிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். "இது சரியாகிவிடும்" என்று சொன்னேன். "எது சரியாகாது" என்று சொல்லவில்லை. கணவரிடம் மாத்திரை சாப்பிடச் சொன்னேன். "தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும்" என்று சொல்லவில்லை.

அந்த மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

7/
முதல் விஷயம். சாதாரணமாக பிபி அதிகமாக இருந்தால் தலை வலிக்காது.

நம்ப முடியலையா? நார்வே நாட்டில் 22,685 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2002-ல் ஒரு ஆய்வு வெளியானது. பிபி அதிகம் இருந்தவர்களுக்குத் தலைவலி அதிகம் வரவில்லை. மேல் அளவு 150-ஐத் தாண்டியவர்களுக்கு, மைக்ரேன் அல்லாத தலைவலி மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தது. உயர்ந்த பிபி, வலியை உணரும் தன்மையைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

பிபியே தலைவலிக்குக் காரணம் என்று சொல்ல, பன்னாட்டுத் தலைவலி வகைப்பாடு வைத்திருக்கும் எல்லை 180/120. 150-லும் 160-லும் தலை சத்தம் போடாது. ரத்தக்குழாய் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும்.

8/
"இல்ல சார், எனக்குத் தலை வலிக்கும்போது பார்த்தா பிபி கூடத்தான் இருக்கு" என்பீர்கள்.

உண்மைதான். ஆனால் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டாதீர்கள். எந்த வலி வந்தாலும் பிபி ஏறும். பல் வலியில் ஏறும், பிரசவ வலியில் ஏறும், கால் உடைந்தால் ஏறும். வலி குறைந்ததும் இறங்கும்.

அதனால் மைக்ரேன் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் பார்த்த ஒரு அளவை வைத்து "பிபி வந்துடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். "வலியாலதான் ஏறியிருக்கும்" என்று ஒதுக்கவும் செய்யாதீர்கள். தலைவலி இல்லாத இரண்டு மூன்று நாட்களில் பாருங்கள். அதுதான் உங்களுடைய உண்மையான பிபி.

9/
கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது: 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர் ஐந்தில் ஒருவர்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு பிபி. மூன்றில் ஒருவருக்கு மேல். உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரில் எத்தனை பேருக்குத் தலைவலி? அனேகமாக யாருக்கும் இல்லை. அதனால்தான் தெரியாமல் இருக்கிறது.

10/
பிபிக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள உறவில் மட்டும் சந்தேகமே இல்லை.

32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016-ல் சொன்னது: பத்து காரணங்களைச் சரி செய்தால் பத்தில் ஒன்பது ஸ்ட்ரோக்கைத் தடுக்கலாம். அந்தப் பத்தில் முதலிடம் பிபிக்கு. அதன் பங்கு மட்டுமே கிட்டத்தட்ட பாதி.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தி. மேல் அளவை 10 புள்ளி குறைத்தால் ஸ்ட்ரோக் அபாயம் கால்வாசிக்கு மேல் குறைகிறது. பல லட்சம் பேரின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு இது. 10 புள்ளி என்பது ஒரு சின்ன மாத்திரையும், உப்பில் கொஞ்சம் கட்டுப்பாடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் மிக்சர், நாலையும் ஒரே நாளில் சாப்பிடாமல் இருப்பது. அவ்வளவுதான்.

11/
சரி, மைக்ரேனுக்கு வருவோம். மைக்ரேன் இருந்தால் ஸ்ட்ரோக் வருமா?

ஆரா இல்லாத சாதாரண மைக்ரேன் என்றால், பெரிதாகக் கவலைப்பட உறுதியான ஆதாரம் இல்லை. ஆரா இருந்தால் ரத்த அடைப்பால் வரும் ஸ்ட்ரோக்கின் அபாயம் சுமார் இரண்டு மடங்கு. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

"இரண்டு மடங்கு" என்றதும் நெஞ்சில் கை வைக்காதீர்கள். எதற்கு இரண்டு மடங்கு என்று கேளுங்கள். ஐரோப்பிய நிபுணர் குழு 2017-ல் தந்த கணக்கு இது: மைக்ரேன் இல்லாத ஒரு லட்சம் இளம்பெண்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வகை ஸ்ட்ரோக் வருகிறது. ஆரா உள்ள ஒரு லட்சம் பேரில் சுமார் ஆறு பேருக்கு. மீதி 99,994 பேருக்கு அந்த வருடம் ஒன்றும் ஆகாது.

12/
ஆனால் அதே கணக்கில் அடுத்த வரி இருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஆரா உள்ள பெண், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சாப்பிட்டால் அந்த ஆறு, சுமார் 37 ஆகிறது.

அதாவது ஆரா தனியாக வந்தால் சின்ன ஆபத்து. கூட்டாளி சேரும்போதுதான் பெரிதாகிறது. கூட்டாளிகள் மூன்று பேர்: ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, புகை, பிபி.

ஆராவை உங்களால் மாற்ற முடியாது. அது பெரும்பாலும் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தது. கூட்டாளிகளை மாற்றலாம். என் மொத்த கருத்தும் இந்த ஒரு வரிதான்.

13/
முதல் கூட்டாளி. ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. "யோசித்துக் கொடுக்கலாம்" பட்டியலில்கூட இல்லை, "கொடுக்கவே வேண்டாம்" பட்டியலில் இருக்கிறது. பிபி 160/100-க்கு மேல் இருந்தாலும் அதே பட்டியல்தான்.

நம் ஊரில் அரசு தரும் மாலா-என், கடையில் கிடைக்கும் மாலா-டி, இரண்டுமே ஈஸ்ட்ரோஜன் கலந்தவை. நல்ல மாத்திரைகள்தான், கோடிக்கணக்கானோருக்கு உதவியவை. ஆரா உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தாது. அவர்களுக்குக் காப்பர்-டி இருக்கிறது. ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

நான் சொன்ன அந்த அம்மா, மாதவிலக்கு ஒழுங்காக வர என்று இந்த வகை மாத்திரையைத்தான் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை நான் கேட்டதே இரண்டாவது விசிட்டில். முதல் விசிட்டில் கேட்டிருக்க வேண்டும்.

14/
இன்னொரு கூட்டாளி நாமே வளர்ப்பது. வலி மாத்திரை.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். ஏற்கெனவே சாப்பிடும் பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன், பிபி மட்டும் குறைய மாட்டேங்குது" என்பவரிடம் நான் முதலில் கேட்பது, "வலி மாத்திரை எத்தனை போடுறீங்க?"

இது போக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். கூட்டு மாத்திரைகளுக்கும் மைக்ரேனுக்கான தனி மாத்திரைகளுக்கும் 10 நாளே போதும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

15/
மெடிக்கல் ஷாப்பில் போய் "ஒத்தத் தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க" என்றால் சில இடங்களில் எர்கோட்டமின் கலந்த மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து. சுமாட்ரிப்டான் போன்ற மருந்துகளும் ரத்தக்குழாயைச் சுருக்கும் தன்மை உள்ளவைதான். சரியான ஆளுக்கு, சரியான அளவில் அருமையான மருந்து. பிபி கட்டுக்குள் இல்லாதவருக்கும், ஏற்கெனவே ஸ்ட்ரோக்கோ ஹார்ட் அட்டாக்கோ வந்தவருக்கும் ஆபத்து.

கடையில் இருக்கும் தம்பிக்கு உங்கள் பிபி எவ்வளவு என்று தெரியுமா? உங்களுக்கே தெரியாதே!

16/
இதுவரை படித்துவிட்டு "அப்போ வலியைத் தாங்கிக்கிட்டே இருக்கணுமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். வேண்டவே வேண்டாம்.

மைக்ரேன் அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அதில் சில பிபி மாத்திரைகளே! ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலால், கேண்டசார்டான். இதயத்துக்காகக் கொடுக்கப்பட்ட ப்ரோப்ரனோலால் மைக்ரேனையும் குறைக்கிறது என்பது 1960-களில் தற்செயலாகத் தெரியவந்தது. மைக்ரேன், பிபி இரண்டும் உள்ளவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆனால் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனோலால் ஆகாது. கர்ப்பிணிக்குக் கேண்டசார்டான் ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேலை செய்தது உங்களுக்கு வினையாகலாம்.

17/
இப்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆராவுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்?

ஆரா மெதுவாக வரும். அஞ்சு பத்து நிமிடத்தில் படிப்படியாகப் பரவும். இல்லாதது தெரியும்: மினுமினுப்பு, கோடு, ஊசி குத்தல். ஒன்று முடிய இன்னொன்று வரும். ஒரு மணி நேரத்துக்குள் போகும்.

ஸ்ட்ரோக் சட்டென்று வரும். சுவிட்சை அணைத்த மாதிரி. இருந்தது போகும்: பலம் போகும், பார்வை போகும், பேச்சு போகும். பெரும்பாலும் எல்லாம் ஒரே நேரத்தில். பலருக்கு வலியே இருக்காது.

இது புரிந்துகொள்வதற்கு மட்டும். வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. சில நேரம் சிடி ஸ்கேன் பார்த்த பிறகுகூட எங்களுக்கே குழப்பம் வரும்.

18/
அதனால் விதி இதுதான். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி வந்தால், ஆஸ்பத்திரி.
மைக்ரேன் பழக்கம் இருந்தாலும், வழக்கமான மாதிரி இல்லாமல் சட்டென்று வந்தால், ஆஸ்பத்திரி.
கையோ காலோ பலம் இழந்தால், ஆஸ்பத்திரி.
ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் போகவில்லை என்றால், ஆஸ்பத்திரி.
மைக்ரேனே இல்லாதவருக்கு வந்தால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

போய்ப் பார்த்து "ஆராதான், வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் நஷ்டம் ஒரு அரை நாள். போகாமல் இருந்து அது ஸ்ட்ரோக்காக இருந்தால் நஷ்டம் ஒரு ஆயுள்.

19/
ஸ்ட்ரோக் என்று சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால் 108.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி. ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன. நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சிலருக்கு அதற்குப் பிறகும் குழாய் வழியாக அடைப்பை எடுக்க முடியும்.

சோடா கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். கையைக் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிபி கூட இருக்கிறதே என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பிபியைத் தடாலென்று இறக்கினால் மூளைக்குப் போகிற மிச்ச ரத்தமும் குறையும். ஸ்கேன் எடுக்காமல் ஆஸ்பிரினும் வேண்டாம். ரத்தக்கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

20/
தலைவலியையே அலட்சியம் செய்யக் கூடாத நேரங்களும் உண்டு.

இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வலிப்பு, மயக்கம், நினைவுத் தடுமாற்றம். தலையில் அடிபட்ட பிறகு வருவது. 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது.

மிக முக்கியமாக, கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத தாய்க்கும் வரும் தலைவலி. இங்கேதான் தலைவலியும் பிபியும் உண்மையிலேயே கைகோத்து வரும். வலிப்புக்கு முந்தைய எச்சரிக்கையாக இருக்கலாம். மூளையின் ரத்தநாளத்தில் கட்டியாகவும் இருக்கலாம். "பச்ச உடம்புல காத்து பட்டிருக்கும்" என்று பத்தியம் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே போய் பிபி பாருங்கள்.

21/
பிபியைச் சரியாகப் பார்ப்பது எப்படி? அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் வேண்டாம். ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கைமேல் கட்டாமல் வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

ஆஸ்பத்திரியில் 140/90, வீட்டில் 135/85. பல நாட்கள் பார்த்தும் இதற்கு மேலேயே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பணம் ஒரு தடை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்தே பார்த்து மாத்திரை தருகிறார்கள். கதவைத் திறங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

22/
இனி என் கருத்து. சிலருக்குக் கசக்கும்.

முதலில் என் சக மருத்துவர்களுக்கு, என்னையும் சேர்த்து. தலைவலி என்று வருபவரின் கையில் பட்டையைக் கட்டாமல் வலி மாத்திரை எழுதக் கூடாது. ஒரு நோயாளிக்கு இரண்டே நிமிடம் கிடைக்கும் ஓபியின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் மைக்ரேன் என்று எழுதும்போது மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: ஆரா உண்டா, கருத்தடை மாத்திரை உண்டா, புகை உண்டா? சேர்த்தே அரை நிமிடம் ஆகாது.

மருந்துக்கடைக்காரர்களுக்கு: மாதம் நாலு முறை தலைவலி மாத்திரைக்கு வருபவரை உங்களுக்கு முகம் தெரியும். ஐந்தாவது முறை மாத்திரைக்குப் பதில் "டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை கொடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: மைக்ரேன் நடிப்பில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும் நோயை "வேலைக்குக் கள்ளம்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவர்களை டாக்டரிடம் வராமல் மருந்துக்கடைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

23/
"இதையெல்லாம் எழுதினா மைக்ரேன் உள்ளவங்க பயந்துடுவாங்க" என்று ஒரு மருத்துவ நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி சொன்னால்தான் பயம் வரும். முழுசாகச் சொன்னால் என்ன செய்வது என்று தெரியும். பாதி சொல்லி நான் பார்த்த விளைவு போதும்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்தி, தடுப்பு மாத்திரை ஆரம்பித்து, தலைவலி மாதம் எட்டிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. மில்லை அவரே நடத்துகிறார். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் கணவரின் பிபியை எழுதுகிறார். போன விசிட்டில் 128/80.

மில்லுக்கு மாவு அரைக்க வருபவர்களிடம் கேட்கிறாராம், "எப்ப கடைசியா பிபி பார்த்தீங்க?" "எனக்குத் தலைவலியே இல்லக்கா" என்று யாராவது சொன்னால், உள்ளே உட்கார்ந்திருக்கும் கணவரைக் கை காட்டுகிறாராம். "அவருக்கும் இல்ல."

24/
சுருக்கமாக:

தலை வலிக்காததால் பிபி இல்லை என்று அர்த்தம் இல்லை.
தலை வலிப்பதால் பிபி இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை.
அளந்தால் மட்டுமே தெரியும்.

மைக்ரேன் இருந்தால் ஆரா உண்டா என்று பாருங்கள். ஆரா இருந்தால் கூட்டாளிகளைத் துரத்துங்கள். பிபி மாத்திரையைத் தலையைக் கேட்டு நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது தலைவலிக்கு டாக்டரிடம் போனால், கூடப் போகிறவரும் கையை நீட்டுங்கள். ஒரு நிமிட வேலை. நானும் இப்போது யார் துணைக்கு வந்தாலும் விடுவதில்லை.